அமெரிக்கர்கள் ஏன் வெளிநாட்டுச் சுற்றுலா அதிகம் போவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கை நிறையச் சம்பளம், பெரும்பாலான நாடுகள் விசா கேட்காமலே உள்ளே விடும் பாஸ்போர்ட். இருந்தும் பல அமெரிக்கர்கள் நாட்டை விட்டு வெளியே போய்ச் சுற்றிப் பார்ப்பதே இல்லை, ஏன்? அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களிடம் ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்களும் கேட்கிறார்கள், புதிதாக இங்கே வேலைக்கு வந்தவர்களும் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். வேலை விஷயமாகவோ ராணுவத்திலோ வெளிநாடு போவது வேறு கதை. இங்கே பேச்சு, சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வரப் போவதைப் பற்றி.

அமெரிக்கர்களில் பத்துப் பேரில் ஒருவரிடம்தான் பாஸ்போர்ட் இருக்கிறதாமே?

அது பழைய கணக்கு, ஆனால் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1990 வாக்கில் நூறு பேரில் ஐந்து பேர் அளவில்தான் பாஸ்போர்ட் வைத்திருந்தார்கள். இன்று ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருக்கிறது. 2023 நிதியாண்டில் மட்டும் 2.4 கோடி பாஸ்போர்ட்டுகள் கொடுத்திருக்கிறார்கள்.

நடுவில் அமெரிக்கர்களுக்குத் திடீரென்று ஊர் சுற்றும் ஆசை வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். முன்பெல்லாம் கனடா, மெக்சிகோ, கரீபியன் தீவுகளுக்குப் போய்வர அவர்களுக்குப் பாஸ்போர்ட்டே தேவைப்படவில்லை. டிரைவிங் லைசென்ஸும் பிறப்புச் சான்றிதழும் போதும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சட்டம் மாறியது. 2007 ஜனவரியிலிருந்து விமானத்தில் திரும்புகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் கட்டாயம். 2009 ஜூனிலிருந்து தரை வழியாகவும் கடல் வழியாகவும் வருகிறவர்களுக்குப் பாஸ்போர்ட்டோ அதற்குச் சமமான அட்டையோ கட்டாயம். 2007 கோடையில் விண்ணப்பங்கள் மலையாகக் குவிந்து, கைக்கு வர மூன்று மாதம் வரை ஆனது. கடைசியில் அரசாங்கமே இறங்கி வந்து, விண்ணப்பித்ததற்கான ரசீதைக் காட்டினால் போதும் என்று அந்தக் கோடை முழுக்க விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

ஆகவே, பாஸ்போர்ட் எண்ணிக்கையை வைத்து ஆர்வத்தை அளக்க முடியாது. இல்லாதபோதும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். இப்போது வைத்திருக்கிற எல்லோரும் போகிறார்கள் என்றும் இல்லை.

அப்படியானால் அவர்கள் வெளிநாடு போவதில்லை என்பதே கட்டுக்கதையா?

முழுக்கக் கட்டுக்கதை இல்லை. 2019இல், அதாவது கோவிடுக்கு முந்தைய கடைசி முழு வருடத்தில், அமெரிக்கக் குடிமக்கள் வெளிநாட்டுக்குப் போன பயணங்கள் கிட்டத்தட்ட பத்துக் கோடி. அதே வருடம் பிரிட்டனில் வசிப்பவர்கள் போனது ஒன்பது கோடிக்கு மேல். அமெரிக்காவின் மக்கள்தொகை 33 கோடி, பிரிட்டனின் மக்கள்தொகை ஏழு கோடிக்கும் குறைவு. தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், வயதுவந்த அமெரிக்கர்களில் நான்கில் மூன்று பேர் வாழ்நாளில் ஒரு வெளிநாட்டையாவது பார்த்திருக்கிறோம் என்றார்கள். நான்கில் ஒருவர் ஐந்து நாடாவது போயிருந்தார். மிச்சமிருக்கும் நான்கில் ஒருவர் எங்குமே போனதில்லை. ஸ்வீடனிலோ நெதர்லாந்திலோ அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். சரி, நம் ஊரில் கேட்டால்? இந்தியாவில் மிகப் பெரும்பாலோர் நாட்டின் எல்லையைத் தாண்டியதே இல்லை. அமெரிக்கர்களைப் பார்த்து நாம் ஆச்சரியப்படுவது அவர்களிடம் காசு இருக்கிறது என்பதால்தான்.

காசு இருக்கும்போது வேறு என்ன தடை?

லீவு. மற்றக் காரணங்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தே ஆக வேண்டும் என்று மத்தியச் சட்டம் எதுவும் கிடையாது. 1938இல் வந்த தொழிலாளர் சட்டம் குறைந்தபட்சக் கூலியைச் சொல்கிறது, ஓவர்டைமைச் சொல்கிறது, விடுமுறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. தீபாவளி, பொங்கல் மாதிரி அவர்களுக்கும் அரசு விடுமுறைகள் 11 உண்டு. ஆனால் அவையும் மத்திய அரசு ஊழியர்களுக்குத்தான் உரிமை. தனியார் கம்பெனி தன் இஷ்டத்துக்குக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வருடத்துக்கு நான்கு வாரம் சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டும். பிரான்ஸில் ஐந்து வாரம். ஜெர்மனியில் சட்டம் நான்கு வாரம்தான் சொன்னாலும் நடைமுறையில் முப்பது நாளை ஒட்டிக் கிடைக்கிறது.

இங்கே தனியார் கம்பெனியில் ஒரு வருடம் வேலை பார்த்தவருக்குச் சராசரியாகப் பத்துப் பதினொரு நாள். அதே இடத்தில் இருபது வருடம் ஓட்டினால் இருபது நாள் அளவுக்கு வரும். தனியார் துறையில் ஐந்து பேரில் ஒருவருக்குச் சம்பள விடுமுறை ஒரு நாள்கூடக் கிடையாது. ஹோட்டல், கடை, கட்டுமான வேலைகளில் இருப்பவர்கள்தான் அதில் அதிகம்.

சம்பளச் சீட்டைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். பல கம்பெனிகளில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம். சீட்டின் ஓரத்தில் பி.டி.ஓ, அதாவது சம்பளத்தோடு கூடிய விடுப்பு, என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் 3.08 என்று ஒரு எண். வருடத்துக்குப் பத்து நாள் என்றால் 80 மணி நேரம். அதை 26 சம்பளத்தால் வகுத்தால் வருவது அந்த 3.08. இரண்டு வாரம் வேலை பார்த்தால் மூன்று மணி நேரமும் சில நிமிடமும் லீவு சேரும். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டரை நாள் சேர்ந்திருக்கும். அந்த இரண்டரை நாளில் காய்ச்சலுக்கும் எடுக்க வேண்டும், குழந்தைக்கு உடம்பு முடியாமல் பள்ளியிலிருந்து போன் வந்தாலும் எடுக்க வேண்டும். பல இடங்களில் நோய்விடுப்பும் சுற்றுலா விடுப்பும் ஒரே கணக்குதான்.

பிரசவமும் இதே கணக்கில் வந்து விழுகிறது. 1993ஆம் வருடச் சட்டப்படி தகுதி உள்ளவர்கள் பன்னிரண்டு வாரம் விடுப்பு எடுக்கலாம், வேலை போகாது, ஆனால் சம்பளம் கிடையாது. சில மாநிலங்களும் பெரிய கம்பெனிகளும் சம்பளம் கொடுக்கின்றன. மற்ற இடங்களில் வேலை பார்க்கும் பெண்கள் வருடக்கணக்காக லீவைத் தொடாமல் சேர்த்து, குழந்தை பிறக்கும்போது அதில் கொஞ்சம் சம்பளத்தோடு கழிக்கிறார்கள். அப்படிச் சேர்க்கிறவரிடம் போய் இந்தக் கோடைக்குப் பாரீஸ் போகவில்லையா என்று கேட்க முடியுமா?

இருக்கிற லீவையும் எடுப்பதில்லை என்கிறார்களே?

உண்மைதான். பியூவின் 2023 கணக்கெடுப்பில், சம்பள விடுமுறை உள்ள ஊழியர்களில் 46 சதவீதம் பேர் கிடைக்கும் லீவை முழுசாக எடுப்பதில்லை என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் எடுக்கத் தேவைப்படவில்லை என்றார்கள். கிட்டத்தட்ட அதே அளவு பேர் வேலை பாக்கி விழுந்துவிடும் என்று பயந்தார்கள். பத்தில் நான்கு பேருக்கு மேல், தன் வேலையைப் பக்கத்து இருக்கைக்காரர் தலையில் கட்ட மனசு வரவில்லை என்றார்கள்.

அலுவலகங்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தொடர்ந்து இரண்டு வாரம் லீவு கேட்கிறவர், கேட்கும்போதே மன்னிப்புக் கேட்கும் தொனியில் ஆரம்பிப்பார். "மடிக்கணினியை எடுத்துக்கொண்டுதான் போகிறேன்" என்று கடைசியில் சேர்த்துக்கொள்வார். அளவில்லா லீவு என்று விளம்பரம் செய்யும் கம்பெனிகளும் இருக்கின்றன. எல்லை என்று ஒன்று இல்லாததால் எவ்வளவு எடுத்தால் மேலதிகாரி முகம் சுளிப்பார் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் ஜாக்கிரதையாகக் குறைவாகவே எடுப்பார்கள். விலகும்போது மிச்ச லீவுக்குக் காசு கொடுக்க வேண்டிய தொல்லையும் கம்பெனிக்கு இல்லை. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

ஒரு வாரம் கிடைத்தால் போதாதா? ஐரோப்பா போய் வந்துவிடலாமே?

நியூயார்க்கில் இருந்தால் போகலாம். லண்டனுக்கு ஏழு மணி நேர விமானம். ஆனால் எல்லோரும் நியூயார்க்கில் இல்லை.

நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹாவில் ஒரு குடும்பம், கணவன் மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ரோம் போக ஆசை. ஒமாஹாவிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் கிடையாது. வெள்ளிக்கிழமை மதியம் சிகாகோவுக்குப் பறந்து, அங்கே காத்திருந்து, ராத்திரி விமானம் ஏறினால் சனிக்கிழமை மதியம் வாக்கில் ரோமில் இறங்கலாம். நேர வித்தியாசம் ஏழு மணி நேரம். முதல் இரண்டு நாள் பிள்ளைகள் பகலில் தூங்கி விழுவார்கள், ராத்திரி மூன்று மணிக்குப் பசிக்கிறது என்பார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பியாக வேண்டும். கையில் இருந்த பத்து நாளில் ஐந்து நாள் போயிற்று, நிம்மதியாகப் பார்க்கக் கிடைத்தது நான்கைந்து நாள்.

செலவு? கோடையில் ஆளுக்கு விமான டிக்கெட்டே பெரும்பாலும் ஆயிரம் டாலரைத் தாண்டும், அப்போது நாலாயிரம். பாஸ்போர்ட் இல்லையென்றால் பெரியவர்களுக்கு 165, பிள்ளைகளுக்கு 135 வீதம் மொத்தம் 600 டாலர். ஹோட்டலில் நாலு பேர் ஒரே அறையில் தங்குவதற்கு ஐரோப்பாவில் பல இடங்களில் விட மாட்டார்கள், இரண்டு அறை. 2023இல் அமெரிக்கக் குடும்பங்களை வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் ஆண்டு வருமானம் சுமார் 80,000 டாலர், அதுவும் வரிக்கு முன். அதில் வீட்டுக்கடன், கார் கடன், கல்விக்கடன், இன்சூரன்ஸ் எல்லாம் போக இந்தச் செலவு சின்னதில்லை.

அதே குடும்பம் காரில் ஏறி எட்டு மணி நேரம் மேற்கே ஓட்டினால் தெற்கு டகோட்டாவில் மலையில் செதுக்கிய நான்கு அதிபர் முகங்களைப் பார்க்கலாம். இன்னும் ஒரு நாள் ஓட்டினால் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. தரையிலிருந்து வெந்நீர் பீச்சியடிக்கும், சாலையின் குறுக்கே காட்டெருமை நிற்கும். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே பெட்ரோல் செலவு. சாமான் எவ்வளவு எடுத்தாலும் யாரும் எடை போட மாட்டார்கள். நீங்களாக இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

நாடு பெரியது என்பது சாக்குதானே?

சாக்கு இல்லை, ஆனால் அதை மட்டும் காரணமாகச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆஸ்திரேலியாவும் பெரிய நாடுதான், மூன்று பக்கம் இல்லை நாலு பக்கமும் கடல், ஆனால் அவர்கள் பாலிக்கும் ஐரோப்பாவுக்கும் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே வருடத்துக்கு நான்கு வாரம் சம்பள லீவு சட்டப்படி உண்டு. திரும்பவும் லீவுக்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

ஆனாலும் தூரத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் சுமார் 3,900 கிலோமீட்டர். சென்னையிலிருந்து அவ்வளவு தூரம் பறந்தால் சிங்கப்பூரையே தாண்டியிருப்பீர்கள். டெக்சாஸில் எல் பாசோவிலிருந்து ஹூஸ்டனுக்குக் காரில் பதினொரு மணி நேரம், மாநிலம்கூட மாறாது. பிரஸ்ஸல்ஸில் இருப்பவர் ஒன்றரை மணி நேரத்துக்குள் ரயிலில் பாரீஸ் போய்விடுவார், இரண்டு மணி நேரத்தில் லண்டன். சனிக்கிழமை காலை கிளம்பி வெளிநாட்டில் சாப்பிட்டுவிட்டு ஞாயிறு இரவு வீடு திரும்புவது அவருக்குச் சாதாரணம். ஒமாஹாக்காரருக்குப் பக்கத்து வெளிநாட்டு நகரம் கனடாவின் வின்னிபெக். அதற்கே பத்து மணி நேரம் ஓட்ட வேண்டும்.

அத்தோடு, உள்ளேயே எல்லாம் இருக்கிறது. பனிப்பாறை வேண்டுமா, அலாஸ்கா. எரிமலையும் வெதுவெதுப்பான கடலும் வேண்டுமா, ஹவாய். பாலைவனம், பள்ளத்தாக்கு என்றால் அரிசோனா, யூட்டா. ஸ்பானிஷ் பேசும் தீவு வேண்டுமென்றால் புவர்ட்டோ ரிக்கோ. தேசியப் பூங்காக்கள் மட்டும் 63. டென்னசி, வட கரோலினா எல்லையில் இருக்கும் ஸ்மோக்கி மலைப் பூங்காவுக்கு வருடத்துக்கு ஒரு கோடிக்கு மேல் வருகைகள். இதில் எதற்கும் பாஸ்போர்ட் வேண்டாம், பணம் மாற்ற வேண்டாம், போன் சிம் மாற்ற வேண்டாம்.

"முதலில் அமெரிக்காவைப் பார்" என்ற பிரசாரம் நூறு வருடத்துக்கும் மேல் பழையது. 1910 வாக்கில், மான்டானாவின் கிளேசியர் பூங்காவுக்குக் கூட்டம் சேர்க்க கிரேட் நார்தர்ன் ரயில் கம்பெனி இதைக் கையில் எடுத்தது. ஆல்ப்ஸ் பார்க்கக் கப்பலேறிப் போன பணக்காரர்களைத் தன் ரயிலில் ஏற்றத்தான் அவ்வளவு தேசபக்தி.

பாஸ்போர்ட் எடுப்பது அங்கே கஷ்டமா?

போலீஸ் விசாரணை எல்லாம் கிடையாது, அந்த விதத்தில் நம்மை விடச் சுலபம். முதல் முறை எடுக்கிறவர் பெரும்பாலும் தபால் நிலையத்துக்குப் போவார். பல இடங்களில் முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் அசல், அதன் நகல், இரண்டுக்கு இரண்டு அங்குலத்தில் போட்டோ. விண்ணப்பத்தில் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. கவுன்டரில் இருப்பவர் முன்னால், கையை உயர்த்தி உறுதிமொழி சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். 130 டாலருக்குக் காசோலையோ மணியார்டரோ தனியாக, தபால் நிலையத்துக்கு 35 டாலர் தனியாக. கார்டு நீட்டியே பழகிய இளைஞர்கள் காசோலைக்கு எங்கே போவது என்று விழிப்பதைப் பார்க்கலாம். பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் அப்பா அம்மா இருவரும் கூட வர வேண்டும், ஒருவர் வர முடியாவிட்டால் நோட்டரி கையெழுத்தோடு சம்மதக் கடிதம். விவாகரத்தான வீடுகளில் இதுவே பெரிய சிக்கல். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும்.

கப்பலில் கரீபியன் போகிறார்களே, அது வெளிநாடு இல்லையா?

வெளிநாடுதான், ஒருவிதத்தில். மயாமியிலோ டெக்சாஸின் கால்வெஸ்டனிலோ ஏறி, நாலைந்து தீவு பார்த்துவிட்டு அதே துறைமுகத்தில் இறங்கினால், 2009 விதிக்கு விலக்காக, அமெரிக்கக் குடிமகனுக்கு இப்போதும் பாஸ்போர்ட் கட்டாயமில்லை. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இருந்தால் அமெரிக்கா திரும்ப அனுமதிக்கும். கடலில் ஹோட்டல் மிதந்து வருகிறது, சாப்பாடு உள்ளேயே, டாலர் செல்லும். பஹாமாஸில் கப்பல் நிற்கும் தீவு சில சமயம் அந்தக் கப்பல் கம்பெனியின் சொந்தப் பொழுதுபோக்குத் தீவாகவே இருக்கும். காலையில் இறங்கி, நீச்சலடித்து, பர்கர் சாப்பிட்டு, மாலையில் ஏறிவிடுவார்கள். வெளிநாடு போய் வந்தாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தக் கப்பல்களில் பெரும்பாலானவை பனாமா, பஹாமாஸ் போன்ற நாடுகளில் பதிவானவை. 1886இல் போட்ட ஒரு சட்டப்படி, வெளிநாட்டுக் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி, இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிட்டுப் போக முடியாது. ஏறிய துறைமுகத்துக்கே திரும்பிக் கொண்டுவந்து விடுவதானாலும், நடுவில் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட்டாக வேண்டும். சியாட்டிலிலிருந்து அலாஸ்கா பார்க்கக் கிளம்பும் கப்பல், கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்பது இதனால்தான். பயணிகளில் பாதிப் பேருக்கு ஏன் நிற்கிறோம் என்றே தெரியாது.

மெக்சிகோவும் கனடாவும் வெளிநாட்டுப் பயணக் கணக்கில் வருமா?

வரும். அமெரிக்கர்கள் வெளிநாடு போகும் பயணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மெக்சிகோவுக்குத்தான், அடுத்து கனடா. இரண்டையும் கழித்துவிட்டால் எண்ணிக்கை பாதிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். ஆனால் மெக்சிகோவின் கடற்கரை ஊரான கான்கூன் போவதைக் கணக்கில் சேர்க்காதே என்கிறவர்கள், பிரிட்டன்காரர் ஸ்பெயின் கடற்கரையில் போய்ப் படுத்திருப்பதையும் சேர்க்கக் கூடாது. இரண்டும் ஒன்றுதான்.

அரசாங்கம் போகாதே என்று சொன்னதுண்டா?

ஒருமுறை அதிபரே சொன்னார். வியட்நாம் போர்ச் செலவு, நாட்டை விட்டு வெளியே போகும் டாலர் என்று நெருக்கடி முற்றியபோது, 1968 ஜனவரி 1 அன்று லிண்டன் ஜான்சன் மக்களைக் கேட்டுக்கொண்டார்: அவசியமில்லாமல் மேற்கு அரைக்கோளத்தை, அதாவது வட, தென் அமெரிக்கப் பகுதியை, தாண்டிப் போவதை இரண்டு வருடத்துக்குத் தள்ளிப்போடுங்கள் என்று. வெளிநாட்டில் செய்யும் செலவுக்கு வரி போடவும் முயன்றார், நாடாளுமன்றத்தில் எடுபடவில்லை. ஜெட் விமானம் வந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது, நடுத்தர வர்க்கம் அப்போதுதான் ஐரோப்பாவை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

இப்போது நேரடித் தடை என்றால் வட கொரியாவுக்கு, 2017 செப்டம்பரிலிருந்து. கியூபாவுக்கு வெறும் சுற்றுலாவாகப் போகச் சட்டம் விடாது. குடும்பத்தைப் பார்க்க, மத வேலை, பத்திரிகை வேலை என்று பன்னிரண்டு வகைக் காரணங்களில் ஒன்றில் பொருந்த வேண்டும்.

பயமும் ஒரு காரணமா?

கொஞ்சம். வெளியுறவுத் துறை ஒவ்வொரு நாட்டுக்கும் ஒன்றிலிருந்து நான்கு வரை ஆபத்து எண் கொடுக்கிறது. பிரான்ஸும் இந்தியாவும் பல வருடங்களாக இரண்டாம் நிலையில், அதாவது "கூடுதல் கவனம் தேவை" என்ற இடத்தில். இதைப் படித்துவிட்டு எங்கும் போகாமல் வீட்டிலேயே இருக்கிறவர், தன் ஊர்த் துப்பாக்கிச் சாவுகளுக்கு எந்த எண் கொடுப்பார் என்று கேட்கத் தோன்றும். கேட்டால் நட்பு கெடும்.

வெளிநாட்டில் உடம்பு சரியில்லாமல் போனால்?

வயதானவர்களுக்கு இது நிஜமான தடை. 65 வயதுக்கு மேல் அரசு கொடுக்கும் மெடிகேர் காப்பீடு, சில விதிவிலக்குகள் தவிர, நாட்டுக்கு வெளியே எதற்கும் பணம் கொடுக்காது. வேலையெல்லாம் முடிந்து, லீவுப் பிரச்சினை ஒருவழியாகத் தீர்ந்த வயதில்தான் இது குறுக்கே வருகிறது. தனியாகப் பயணக் காப்பீடு எடுக்கலாம், வயது ஏற ஏற அதன் விலையும் ஏறும். தன் நாட்டு ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துப் பழகியவருக்கு, பல நாடுகளில் கையிலிருந்து கொடுத்தாலே அதில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும் என்று சொன்னால் நம்பிக்கை வராது.

போகிறவர்கள் யார், போகாதவர்கள் யார்?

பாஸ்போர்ட் வைத்திருப்போர் கணக்கில் நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், நியூயார்க், கலிபோர்னியா மேலே. மிசிசிப்பியும் மேற்கு வர்ஜீனியாவும் அடியில். வருமான வரிசையும் கிட்டத்தட்ட அதுதான்.

2008 தேர்தலில் துணை அதிபர் வேட்பாளராக நின்ற அலாஸ்கா கவர்னர் சாரா பேலின், முந்தைய வருடம்தான் முதல் பாஸ்போர்ட் எடுத்திருந்தார், அதுவும் குவைத்தில் இருந்த அலாஸ்கா படைவீரர்களைப் பார்க்க. தொலைக்காட்சிப் பேட்டியில் இதைக் கேட்டபோது, கல்லூரி முடித்ததும் பெற்றோர் கையில் பாஸ்போர்ட்டும் முதுகுப்பையும் கொடுத்து உலகம் சுற்றி வா என்று அனுப்பும் வீட்டில் தான் பிறக்கவில்லை, எப்போதும் வேலை பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார். அவருடைய அரசியலோடு எனக்கு ஒட்டு உறவு இல்லை. ஆனால் அந்தப் பதிலைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு, அதைக் கேட்டுத் தலையாட்டிய பல கோடிப் பேரைத் தெரியவில்லை என்பது என் கருத்து.

அந்தப் பல கோடிப் பேரில் நிறையப் பேர் வெளிநாடு பார்த்தவர்கள்தான், ஆனால் சுற்றுலாவாக இல்லை. ராணுவத்தில் சேர்ந்து ஜெர்மனியிலும் ஜப்பானின் ஒகினாவாவிலும் தென் கொரியாவிலும் வருடக்கணக்கில் இருந்திருப்பார்கள். தேவாலயக் குழுவோடு குவாதமாலாவில் பள்ளிக்கூடம் கட்டப் போயிருப்பார்கள். யூட்டாவின் மார்மன் சபை இளைஞர்கள் மதப்பணிக்காக இரண்டு வருடம் பிரேசிலிலோ பிலிப்பைன்ஸிலோ இருந்து, அந்த மொழியைச் சரளமாகப் பேசக் கற்றுத் திரும்புவார்கள்.

அப்போது அறியாமை, ஆர்வமின்மை என்பதெல்லாம் சும்மா பேச்சா?

அப்படியும் சொல்ல மாட்டேன். உலகம் என்பது தன் நாடும், பிறகு மற்றவையும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. தொலைக்காட்சிச் செய்தியில் வெளிநாடு என்றால் போரும் வெள்ளமும் மட்டும்தான் வரும். பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டி, கோடை முகாம், நன்றி சொல்லும் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) அம்மா வீடு, கிறிஸ்துமஸுக்கு மாமியார் வீடு என்று வருடம் ஓடிவிடும். ஆசையே வராமல் போவதற்கும் பழக்கம் ஒரு காரணம். ஆனால் லீவும் காசும் கொடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் ஆர்வத்தைக் குறை சொல்லலாம். கோவிட் முடிந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனபோது என்ன நடந்தது? 2024இல் வெளிநாட்டுப் பயணங்கள் 2019ஐத் தாண்டிவிட்டன.

அங்கே இருக்கும் நம்மவர்கள் எப்படி?

கணக்கில் அவர்கள் பெரிய பயணிகள். இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டுக் குடிமக்களில் அமெரிக்கர்கள் முதல் இரண்டு இடங்களுக்குள் இருப்பதற்கு முக்கியக் காரணமே பாஸ்போர்ட் மாற்றிக்கொண்ட நம் ஆட்கள்தான். ஆனால் அது சுற்றுலா ஆகாது. இரண்டு வருட லீவைச் சேர்த்து மூன்று வாரம் கோயம்புத்தூரோ திருச்சியோ வந்தால், ஒரு வாரம் ஜெட் லாக், ஒரு வாரம் சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாடு, ஒரு வாரம் பேங்க் வேலை, பல் டாக்டர். அப்புறம் இத்தாலிக்கு எங்கே லீவு? விசாவில் இருப்பவர்களுக்கு வேறு கவலை: வெளியே போனால் பாஸ்போர்ட்டில் புது விசா முத்திரை (ஸ்டாம்பிங்) கிடைத்துத் திரும்ப முடியுமா என்று. அவர்கள் நயாகராவின் அமெரிக்கப் பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

என் அமெரிக்கச் சகஊழியரைக் கல்யாணத்துக்கு ஊருக்குக் கூப்பிட்டால் வருவாரா?

ஆசையாகத்தான் கேட்பார், பலர் வந்தும் இருக்கிறார்கள். முகூர்த்தம் பார்க்கும்போதே அவர் லீவையும் பாருங்கள். அவருக்கு வசதியான காலம் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை. நமக்கு அது மார்கழி, கல்யாணம் வைக்க மாட்டோம். தை முகூர்த்தங்கள் வரும்போது அவர் அலுவலகம் புது வருட வேலையில் மும்முரமாக இருக்கும். வைகாசியில் பிள்ளைகளுக்குப் பள்ளி முடியும் நேரம், ஆனால் அந்த வெயிலில் அவரைப் பட்டு வேட்டியில் உட்கார வைப்பது பாவம்.

நடைமுறையில் ஒத்துவருவது கார்த்திகைதான். நவம்பர் நான்காம் வியாழன் நன்றி சொல்லும் நாள், பல கம்பெனிகளில் மறுநாள் வெள்ளியும் விடுமுறை. மூன்று நாள் லீவு போட்டால் இரண்டு பக்கத்துச் சனி, ஞாயிறையும் சேர்த்து ஒன்பது நாள் கிடைக்கும். அம்மா வீட்டு விருந்தை விட்டுவிட்டு வருகிறார் என்பதை நினைவில் வையுங்கள், அவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. முதல் முறை பாஸ்போர்ட் எடுக்கிறவராக இருந்தால் கோடையிலேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இந்திய இ-விசாவை ஆன்லைனிலேயே வாங்கிவிடலாம். வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நேரம், ஆகவே வெளியில் பந்தல் போடாமல் மண்டபமாகப் பிடியுங்கள்.